அம்மன் பாடல்கள், இரண்டாம் பக்கம்

ஆயுத பூஜையன்று காலை சுண்டலை இறக்கிவிட்டுத் திரும்பினால், ஃபிரிட்ஜ் மேலிருந்த மூன்று கேசட்டுகளையும் காணோம். அதில் ஒன்றுக்கு மட்டும் அடையாளத்துக்காக நான் போட்டிருந்த ரப்பர் பேண்டு காலண்டர் ஆணியில் தொங்கியது. கழற்றியதை வீசாமல் மாட்டிவிட்டுப் போயிருந்தார் என் கணவர். அவ்வளவு ஒழுங்கான மனிதர். மூன்றும் பூஜைப் பந்தலுக்குப் போய்விட்டன.

மராட்டியப் பக்கம், கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸில் முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆண்களுக்கெல்லாம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெரியவர்களில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டுகிறவர்கள். தடங்கலில்லாமல் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி, பக்கத்து ஊர் தாபோடியிலிருந்து ஜெயசீலன் அண்ணன் என்னைத் தேடி வந்தார். பழைய யூனியன்காரர். ரிட்டயரான மறு வருஷமே சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வாலிபத்தில் பாதியில் விட்ட ஒரு புத்தகத்தை முடிக்காமல் சாகக்கூடாது என்று அவருக்குப் பிடிவாதம். உலகத்தையே புரட்டிப்போட்ட தாடிக்காரர் எழுதியது, தமிழில் தலையணை கனம். “படிச்சு கேசட்ல புடிச்சுக் குடு கிரிஜா. ஒனக்குப் புரியாட்டியும் பரவால்ல, எழுத்து விடாம படி” என்றார்.

ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பரமசிவம் டூட்டிக்குக் கிளம்பியதும், பழைய அம்மன் பாட்டு கேசட்டுகளின் தலையில் இருக்கும், பதியவிடாத பள்ளத்தை செலோடேப்பால் அடைத்து, பாட்டின் மேலேயே பதிவேன். அண்ணன் கேட்டு முடித்ததை ஸ்டெல்லா அண்ணி முதலிலிருந்து வரும்படி சுற்றி, திருப்பிக் கொண்டுவந்து தருவார். முதலில் ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகு ஒருநாள் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அரிசி களையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கணவரிடம் மூச்சு விடவில்லை. விட்டால் உயிரையே விட்டிருப்பார். அந்த வருஷம் இரண்டாயிரத்து ஒன்று. தொழிற்சாலை கேட்டில் தீப்பெட்டிக்காகத் தடவிப் பார்ப்பது எப்போதும் உள்ளதுதான். இப்போது டிபனைச் சுற்றிய பேப்பரைக்கூட விரித்துப் பார்க்கிறார்கள் என்றார். எங்கோ ஒருவனை வீட்டிலிருந்த புத்தகத்துக்காகப் பிடித்துப் போனார்கள் என்று செய்தி வந்த அன்று, பழைய யூனியன் நோட்டீஸ்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டார். வேலை போனால் வீடும் போகும். பிள்ளை பத்தாவது படிக்கிறான்.

சுண்டல் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். குவார்ட்டர்ஸ் சைக்கிள் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, வாழை கட்டி, ஸ்பானரும் சுத்தியலும் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. ஸ்பீக்கரில் நிஜமான அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உயிர் வந்தது. பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் நின்ற கணவரிடம் போனேன்.

“என்னங்க, அந்தக் கேசட்டுல ஒண்ணு...”

“லேடீஸ் சைடுல போய் உக்காரு கிரிஜா. சாப் வந்துட்டாரு.”

கதம் சாப், செக்யூரிட்டி ஆபீசர், முன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மராட்டிக்காரர். சிரித்தால்கூட விசாரிப்பது போலிருக்கும். அவருக்கு எதிரில் நான் என்னவென்று வாதாடுவது? போய் உட்கார்ந்தேன். பரமசிவம் அடுத்த கேசட்டை எடுத்துப் போட்டார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன். இங்கே இல்லை, ஸ்பீக்கரில். யார் ஆயுதம் செய்கிறார்கள், அதை யார் கையில் யார் கொடுக்கிறார்கள் என்று நிறுத்தி நிதானமாக, மூன்று கட்டடம் தாண்டிக் கேட்கிற மாதிரி.

பூஜை செய்ய வந்து விபூதி பூசிக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரன் கை நெற்றியிலேயே நின்றது. தமிழர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தமிழ் தெரியாத மற்றவர்கள் கைகூப்பியபடியே இருந்தார்கள். பரமசிவம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். பதினெட்டு வருஷக் குரல், தெரியாமல் இருக்குமா? அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் பயம்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் எனக்கு வெட்கமில்லாமல் ஒன்று தோன்றியது. நன்றாகத்தான் படித்திருக்கிறேன்.

அவர் கை பட்டனுக்குப் போனது.

“ரஹ்னே தோ” என்றார் கதம் சாப். இருக்கட்டுமாம். “கௌன்சா ஸ்தோத்ர ஹை?” எந்த ஸ்தோத்திரம் என்று கேட்டார்.

“தேவி... தேவி ஸ்தோத்ர, சாப்” என்றார் பரமசிவம்.

“பஹுத் அச்சா.” சாப் கண்ணை மூடிக்கொண்டார்.

அரைமணி நேரம். யாரும் எழுந்து போகவில்லை. வெங்கடேஸ்வரன் ஒரு இடத்தில் தன்னை மறந்து தலையாட்டி, பிறகு சட்டென்று குனிந்து கற்பூரத்தைத் தேடினார். டக் என்று கேசட் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பரமசிவம் அதை எடுத்துவிட்டு மூன்றாவது கேசட்டைத் தொட்டார்.

“தூஸ்ரீ சைட் லகாவ்” என்றார் சாப், கண்ணைத் திறக்காமலே. மறுபக்கம் போடு.

மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று நான் படிக்கப் படிக்கக் குக்கர் விசில் அடித்தது. மூன்றாவது விசிலுக்குப் பக்கத்து வீட்டு சுஷ்மா கதவைத் தட்டினாள். பரமசிவம் அண்ணன் இருக்கிறாரா, என்ன படிக்கிறாய் என்று ஹிந்தியில் கேட்டாள். நானும் பெருமை தாங்காமல் ஹிந்தியிலேயே அவளுக்குப் புத்தகத்தின் பெயரையும் தாடிக்காரர் பெயரையும் சொன்னேன். எந்த மொழியில் சொன்னாலும் அந்தப் பெயர் ஒன்றுதான். அதை அழித்துவிட்டுத் திரும்பப் படிக்கிறேன் என்றபோது ஜெயசீலன் அண்ணன்தான் தடுத்தார். “விடும்மா. குக்கர் சத்தம், ஆளு சத்தம் கேட்டா நானும் ஒரு வூட்ல ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்குது.”

பரமசிவம் கேசட்டைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் சாப் இப்போது கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேசட் உள்ளே போனது.

புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்திருப்பேன். ஸ்பீக்கரில் குக்கர் விசில் அடித்தது. குழந்தைகள் சிரித்தார்கள். சாப்கூடப் புன்னகைத்தார். பரமசிவத்தின் காது நுனியில் வியர்வை தெரிந்தது. ஸ்பீக்கரில் நான் எதுவும் அறியாதவளாக அடுத்த வரிக்குப் போனேன்.

இரண்டாவது விசில்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பித்தளைப் பாத்திரம் சுண்டலோடு கனத்தது. பாட்டுப் பெட்டியின் ஒயர், ஸ்பானர்களுக்கு நடுவே வளைந்து, என் காலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காதவள்போல அந்தப் பக்கம் நடந்தேன்.