மாமா தைத்த தீர்ப்பு

எங்கள் மாமாவுக்கு உலகத்தில் ஒரே எதிரி துரு. அம்மாவின் தம்பியான அவர், ஒரு பெரிய அலுவலகத்தின் ஆவண அறையை முப்பத்திநான்கு வருடம் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதல் காரியமாக அதிலிருக்கும் பின்னைக் கழற்றிவிடுவார். "இன்னைக்கு வெள்ளி மாதிரி மின்னும். பத்து வருஷத்துல காகிதத்தையே தின்னுடும்" என்பார். பிறகு வெள்ளை நூலால் மூன்று ஓட்டை போட்டுத் தைப்பார். அவர் தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் முகத்துக்கு நேரே மாமா, முதுகுக்குப் பின்னால் ரெக்கார்டு.

என் விவாகரத்துத் தீர்ப்பையும் அவர் தைத்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை காலை, அட்டெஸ்டேஷன் அலுவலகத்தின் நான்காவது கவுன்ட்டரில்.

நான் செயற்கைப் பல் செய்யும் லேப்பில் வேலை பார்ப்பவள். அடுத்தவர் கடைவாய்ப் பல்லுக்கு மேலுறை செய்து கொடுப்பது என் தொழில். வெளிநாட்டு லேப் ஒன்று என்னைக் கூப்பிட்டிருந்தது. ஆறு வயது மகள் பூச்சியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு இந்த ஊர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அந்த நாடு நம்ப வேண்டும். நாடுகள் ஒன்றையொன்று சும்மா நம்பிவிடுவதில்லை. நீதிமன்ற நகலின் மேல் அட்டெஸ்டேஷன் அலுவலகம் முத்திரை வைக்கும், அந்த முத்திரையின் மேல் தூதரகம் இன்னொரு முத்திரை வைக்கும். இரண்டும் இல்லாவிட்டால், இங்கே விமானம் ஏறும்போது விவாகரத்தானவள், அங்கே இறங்கும்போது மறுபடியும் ஒருவனுடைய மனைவி. அதுவும் அவன் சம்மதம் இல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த மனைவி.

தூதரகத்தில் எனக்குக் கிடைத்திருந்த நாள் வியாழன். அதை விட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. லேப் அதுவரை காத்திருக்காது.

நான்காவது கவுன்ட்டர் அதிகாரி சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். மூன்றில் எதையும் தொடாமல் தீர்ப்பை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த நூல் யாரு கோத்தது?"

என் பின்னால் நின்றிருந்த மாமா முன்னால் வந்தார். பரிசு வாங்க மேடையேறுகிறவர் முகம். "நான்தான் சார்."

"கோர்ட்டுல ரெண்டு பின்னு அடிச்சு, மேல ஒரு சீல் ஸ்டிக்கர் ஒட்டித்தானே குடுப்பாங்க?"

"ஆமா சார். அவசர வேலை. பின்னு ரெண்டும் மட்டம். அதான் ஸ்டிக்கர கெட்டில் ஆவியில காட்டி, கிழியாம உரிச்சேன். பின்னக் கழட்டி, தைச்சு, ஸ்டிக்கர பழைய எடத்துலயே ஒட்டிட்டேன். பிரிச்ச அடையாளமே தெரியாது பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

"பெரியவரே, இந்த வேலைய யாரு செய்வாங்க தெரியுமா? நடுப்பக்கத்த மாத்தறவங்க. நான் பதினஞ்சு வருஷத்துல நாலு பேரப் புடிச்சிருக்கேன். அவங்க யாருக்கும் இவ்வளவு சுத்தமா ஒட்டத் தெரியல."

மாமாவின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்தது. பிறகுதான் அர்த்தம் புரிந்தது. என் உள்ளங்கை கவுன்ட்டர் கல்லில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"சார், ஒரு பக்கமும் மாத்தல. அஞ்சு பக்கமும் கோர்ட்டு குடுத்ததுதான்" என்றேன்.

"நீங்க சொல்றீங்க. காகிதம் அப்படிச் சொல்லலயே. முத்திரை உடைஞ்ச நகலுக்கு நான் முத்திரை வச்சா அப்புறம் என்னையில்ல விசாரிப்பாங்க? ஆவணத்தத் திருத்தினதா சந்தேகம்னு மேல எழுதணும்." கடைசியில் ஒரு பேனாவைத் தொட்டார்.

"புதுசா நகல் வாங்கிட்டு வந்துடறேன்."

"வாங்க முடியாது. ஆவண அறைய புதுக் கட்டடத்துக்கு மாத்தறாங்க, ஆறு வாரம் நகல் கெடையாது." பேனாவைத் திருப்பிப் பையில் செருகினார். என்ன தோன்றியதோ, குரலைத் தணித்தார். "எதிர்த்தரப்புக்கும் ஒரு நகல் குடுத்திருப்பாங்க. அது பிரிபடாம இருந்தா கொண்டு வாங்க. புதன் நாலு மணி வரைக்கும் இது என் டிராயர்ல இருக்கும். நல்லது வந்துச்சுன்னா இத நான் பார்க்கவே இல்ல. வரலேன்னா மேல போயிடும்."

வெளியே படிக்கட்டுக்கு வந்தோம். மாமா தொண்டையைச் செருமினார். "தப்புன்னு சொல்ல முடியாது. அவங்க நடைமுறைக்கும் நம்ம நடைமுறைக்கும் ஒரு சின்ன வித்தியாசம்."

"மாமா, உங்க நடைமுறையால என்னை உள்ள தள்ளப் பாத்தாங்க."

"துரு புடிச்சிருந்தா மட்டும் ஒத்துக்கிட்டிருப்பானா?" என்றார். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

எதிர்த்தரப்பு என்றால் பூச்சியின் அப்பா. அவரிடம் போவதற்குப் பதில் அந்த அதிகாரியின் டிராயருக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

காரணம் மூன்றாம் பக்கம். தாய் வேலை நிமித்தம் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லலாம், அதற்குத் தந்தையின் சம்மதம் தேவையில்லை என்று அந்தப் பக்கத்தில் நீதிபதி எழுதியிருந்தார். அந்த வாய்தாவுக்குப் பூச்சியின் அப்பா வரவில்லை. கோர்ட்டுக்கு வந்தால் கோர்ட்டை மதித்ததாகிவிடுமாம். அவருடைய வக்கீலும் அன்றைக்கு வேறொரு அறையில் வேறொருவருக்காக வாதாடிக்கொண்டிருந்தார். தீர்ப்பு வந்த பிறகும் அவர் அதைப் படிக்கவில்லை. "என் கையெழுத்து இல்லாம என் பொண்ணு விமான நிலைய வாசலத் தாண்ட முடியாது" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் திருத்தவில்லை. ஒரு மாதத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் மகளைப் பார்ப்பார், அதில் பாதி நேரம் போனைப் பார்ப்பார். ஆனால் மூன்றாம் பக்கம் கண்ணில் பட்டால் அன்றைக்கே ஒரு தடை மனு போடுவார். தோற்றுப்போவார்தான். தோற்றுப்போக இரண்டு வருடம் எடுத்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை மாமாவும் கூட வந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். "பக்கம் எத்தன, பாரா எத்தனன்னு ஆரம்பிச்சீங்கன்னா, பூச்சி இங்கேயே நின்னுடுவா."

"எனக்குத் தெரியாதா?" என்றார். அதுதான் என் பயமே. அவருக்கு அந்தத் தீர்ப்பு வரிக்கு வரி தெரியும். எதையாவது தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்த வரலாறு அவருக்குக் கிடையாது.

பூச்சியின் அப்பா குளியலறைச் சாமான் விற்கும் ஷோரூமில் வேலை பார்த்தார். சுவர் முழுக்க குழாய்கள், தலைக்கு மேலே வரிசையாக ஷவர்கள், எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. அவர் மேசை கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் இருந்தது. மேசை மேல் பித்தளைப் பலகையில் 'மண்டல மேலாளர்' என்று எழுத்து மின்னியது. மண்டலத்தில் இருந்தது அந்த ஒரு ஷோரூம்தான்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமா, வீட்டுக்கு வந்தவரை வரவேற்பதுபோல. பழக்க தோஷம்.

"நான் எங்க வர்றது? நீங்கதான் வந்திருக்கீங்க" என்றார் அவர். என்னைப் பார்க்காமலே, "என்ன விஷயம்?" என்றார்.

சொன்னேன். வெளிநாட்டு வேலை, விவாகரத்துச் சான்று கேட்கிறார்கள், என் நகலில் பின் கழன்றுவிட்டது. எல்லாம் உண்மை. உண்மையின் ஓரத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன்.

"வெளிநாடா? நீயா?" நாற்காலியில் சாய்ந்தார். "அங்க பல்லு இல்லாதவங்க ஜாஸ்தியோ?"

"ஆமா."

"போ. தாராளமா போ. ஆனா பூச்சி எங்கயும் போக மாட்டா. அது தெரியுமில்ல?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். மாமா தலைக்கு மேலிருந்த ஷவரின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பூச்சியின் அப்பா இழுப்பறையைத் திறந்தார். விலைப்பட்டியல்களுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். ஒட்டு பிரியாமல், நீதிமன்றத்தின் தபால் குறியோடு அப்படியே இருந்தது. "நான் பிரிக்கவே இல்ல. என்னப் பொறுத்தவரைக்கும் அது நடக்கவே இல்ல" என்றார்.

கையை நீட்டினேன். அவர் உறையைக் கொடுக்காமல் விரலால் தட்டினார். "இவ்வளவு அவசரமா கேக்கறியே. அப்படி என்னதான் எழுதியிருக்கான்?"

கிழித்தார். காகிதக் கத்தி மேசையிலேயே இருந்தது, இருந்தும் கையால் கிழித்தார். ஐந்து பக்கமும் வெளியே வந்தன. மூலையில் இரண்டு பின், மேலே வட்டமாக சிவப்பு ஸ்டிக்கர். ஒரு கீறல் இல்லை. அவர் முதல் பக்கத்தை இழுத்துப் புரட்டும்போது ஸ்டிக்கரின் ஓரம் விறைத்தது. என் பல் கிட்டித்துப்போனது. எது முதலில் நடக்கும் என்று தெரியவில்லை, ஸ்டிக்கர் கிழிவதா, மூன்றாம் பக்கம் வருவதா?

"எதிர்மனுதாரர்," என்று உரக்கப் படித்தார். "வயது முப்பத்தொன்பது. குழாய் விற்பனையாளர்."

நிறுத்தினார். மறுபடியும் படித்தார், இந்த முறை மனதுக்குள். காது மடல் சிவந்தது.

"குழாய் விற்பனையாளரா? யாரு சொன்னது? நீ சொன்னியா?"

"உங்க வக்கீல் குடுத்த மனுவுல இருந்தது."

"அந்த ஆள..." பித்தளைப் பலகையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார், நாங்கள் சாட்சி சொல்ல வந்தவர்கள்போல. "ஒரு நீதிபதி, படிச்ச மனுஷன், விசாரிக்க வேணாமா? நாலு பேரு பாக்கற காகிதம். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் படிப்பான். தெருவுல கூவி விக்கறவன்னு நெனைப்பான்!"

இரண்டாம் பக்கத்துக்குப் போனார். நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு, என்ன பதவி போட்டிருக்கிறது என்று மட்டும் தேடினார். அங்கும் வெறும் எதிர்மனுதாரர். விரல் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தைத் தூக்கியது.

அப்போது அவர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "நீங்கதான் காகிதத்துல கரை கண்டவராச்சே. படிச்சிருப்பீங்க. இன்னும் உள்ள என்னெல்லாம் அசிங்கம் பண்ணியிருக்கான்?"

மாமா தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரிந்த செருமல் அது. கல்யாண வீடுகளில், துக்க வீடுகளில், அதற்குப் பிறகு அரை மணி நேரம் எவரும் எழுந்துபோக முடியாது. மூன்றாம் பக்கம், நான்காவது பாரா என்று அவர் உதடு தொடங்கப்போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எனக்கென்ன மாப்பிள்ளை தெரியும்?" என்றார்.

"என்ன?"

"பின்னு புடுங்கறவன்கிட்ட போய் தீர்ப்பக் கேக்கறீங்களே. முப்பத்திநாலு வருஷம் ஃபைல தூக்கி அடுக்கினேன், தூசி தட்டினேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் எனக்குச் சொன்னதும் இல்ல, நான் படிச்சதும் இல்ல. படிச்சாலும் இந்த கோர்ட்டு பாஷை எனக்குப் புரியாது."

அவர் சட்டைக் காலரில் வேர்வை இறங்கியது. முன்பு இதே தீர்ப்பில் ஒரு தேதி பிசகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நீதிமன்றத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியவர் அவர்.

பூச்சியின் அப்பா சிரித்தார். அன்றைக்கு முதல் முறையாக மனம் குளிர்ந்து சிரித்தார். "அதானே பார்த்தேன். குடும்பத்துல எல்லாரும் உங்கள பெரிய மேதாவின்னு சொல்லிட்டிருந்தாங்க."

"சும்மா சொல்வாங்க" என்றார் மாமா.

அந்தச் சந்தோஷத்தில் மூன்றாம் பக்கத்தை மறந்தே போனார். காகிதங்கள் மேசையின் இந்தப் பக்கம் சறுக்கி வந்தன. நான் எடுக்கக் குனிந்தபோது மறுமுனையில் அவர் விரலை வைத்து அழுத்தினார். "பூச்சி எங்கயும் போக மாட்டா. ஞாபகம் இருக்கட்டும்."

"உங்க காகிதம் பத்திரமா வரும்" என்றேன். அதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ, விரலை எடுத்தார்.

தெரு முனை வரை நாங்கள் வேகமாகவும் நடக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொரு காலடியிலும் என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று முதுகு காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு அதிகாரி ஸ்டிக்கரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். ஐந்து பக்கத்தையும் எண்ணினார், மறுபடி எண்ணினார். டிராயரில் இருந்த தைத்த நகலை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டார்.

"பெரியவரே, இத நீங்க தொட்டீங்களா?"

"இல்ல சார்." மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு முத்திரையை இறக்கினார். ஓசை பெரிதாக ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். நான் உறைக்குள் போடப் போனேன்.

"மூடாதீங்க! மை ஈரம். ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்குத் தூதரகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

ஆகவே திறந்த காகிதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். அலுவலகங்கள் விடும் நேரம். எதிரே வருகிற ஒவ்வொரு சட்டையும் பூச்சியின் அப்பாவுடையதுபோல இருந்தது. கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்கக் கையில்லை. யாரென்று பார்க்கவும் துணிவில்லை. அதிர்ந்து அடங்கி, மறுபடி அதிர்ந்தது.

"நட" என்றார் மாமா. காற்று வந்த பக்கமாக என்னோடு ஒட்டி நடந்தார், சட்டையை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு.