ஏரிக்குள் உட்கார்ந்திருக்கும் மனைவி

1

இந்தக் கதை ஓர் எருமையிலிருந்து தொடங்கியது. அது ஒரு திசைகாட்டியை விழுங்கிவிட்டு, அன்றுமுதல் வடக்கே பார்த்து மட்டும் அசைபோட்டது. என் மருமகள் படித்துவிட்டு, "மாமா, புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள். எருமையை ஓட்டிவிட்டேன். திசைகாட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

2

மலைச்சரிவை மூடுபனி முழுவதுமாக மூடியிருந்த மாலையில், வரைபடக்காரர் தன் திசைகாட்டியை—

(கூடாது. பனிக்குள் எதைப் பார்ப்பார்? பனியைக் கொஞ்சம் மேலேயே நிறுத்தி வைக்கிறேன்.)

சரிவில் கூட வந்த வரைபடக்காரரின் மனைவிக்குக் கணுக்கால் பிசகி, பூசணிக்காயாக வீங்கிவிட்டது. போனில் ஒரே ஒரு அழைப்புக்குத்தான் சார்ஜ்.* இருட்டுவதற்குள் மீட்புக் குழுவுக்கு இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

அவர் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திசைகாட்டியில் குறிபார்த்து, அந்தக் கோணத்தில் வரைபடத்துத் தொட்டியிலிருந்து ஒரு கோடு இழுத்தார். போன் கோபுரத்திலிருந்து இன்னொன்று. கோடுகள் வெட்டும் இடத்தில்தான் ஆள் இருக்க வேண்டும்.

வெட்டிய இடம், நட்ட நடு ஏரி.

"ஏங்க, நான் ஏரிக்குள்ளயா உக்காந்திருக்கேன்? பேன்ட்கூட நனையலையே!"

"இரு, முள்ளுல ஏதோ கோளாறு."

"முள்ளு மேல பழி போடாதீங்க. மேப்ப வரைஞ்சது யாரு?"

அவர்தான்.

*போனே இடத்தைக் காட்டாதா என்பவர்களுக்கு: அது பொத்தான் வைத்த பழைய போன். கதைக்காக நான் கொடுத்தது.

3

"சாலையோட பேர் எழுத இடம் பத்தல. அதான் தொட்டிய ஒரு நெல்லளவு தள்ளி வச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"அதான் ஞாபகம் வரல."

ஒரு பக்கமென்றால் அவர்கள் ஏரிக்கு முந்திய சரிவில். மறுபக்கமென்றால் பிந்திய சரிவில். இரண்டும் ஒரே மாதிரிப் புதர். இரண்டிலிருந்தும் ஏரி தெரியாது. இரண்டையும் தேட வெளிச்சம் மிச்சமில்லை.

"சரி, தள்ளி வைக்காதது ஏதாவது இருக்கா?"

"மொட்டைப் பாறை! அத யாராலயும் நகர்த்த முடியாது. அதுலேருந்து ஒரு கோடு இழுத்தா எந்தச் சரிவுன்னு தெரிஞ்சிடும்."

அவர் திரும்பினார். பாறையைப் பனி மூடியிருந்தது. (நான் மேலே நிறுத்தி வைத்தேனே, அங்கேதான் பாறை இருந்திருக்கிறது.)

4

ஒரு முடிவில், முந்திய சரிவு என்கிறார், குழு வந்து—

இன்னொன்றில், எருமை திரும்பி வந்து வடக்கே பார்த்து—

(மருமகள் விடமாட்டாள்.)

மனைவியே போனைப் பிடுங்கி, மீட்புக் குழுவை அழைத்து, ஏரிப் பக்கச் சரிவு என்று சொல்லிவிட்டாள்.

"எந்தச் சரிவும்மா? சீக்கிரம் சொல்லுங்க!"

அவள் கணவரைப் பார்க்கிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். எனக்குப் பார்வை மங்கல். நான் உங்களைப் பார்க்கிறேன்.

ஒரு வரி நேரத்துக்குப் பனியை விலக்குகிறேன். அதோ பாறை. பென்சிலைப் பிடியுங்கள், கோட்டை இழுங்கள்.

என்ன யோசனை? சார்ஜ் போகிறது.