மாறி மாறிப் படித்த சங்கீதம்

என் மகளைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு பண்ணியவர்களில் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதகர் முடிவு பண்ணினார், என் அக்கா தலையாட்டினாள், மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் முறுக்கிய மணிக்கட்டில் கட்டோடு அவள் என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எல்லாருக்கும் அவசரம். வெள்ளிக்கிழமை ஆலயத்தில் அக்கா நடத்தும் வேதாகமச் சங்கீத வகுப்பு முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகப் போகட்டும், பெட்டியோடு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் தையாதக்கா என்று குதித்தேன். மகள்தான், "விடும்மா, போறேன்" என்றாள். அப்படிச் சொல்கிறவளை என்ன செய்வது?

எனக்கு ஒரு சலவைக்கடையில் வேலை. மற்றவர்கள் வீட்டு மேஜை விரிப்பும் படுக்கை விரிப்பும் என் கைக்கு வராமல் அலமாரிக்குப் போகாது. ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும் என்று மகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டாள். மூன்று வருடம் நான் அவள் வீட்டுக்குப் போய் வந்தேன், ஒரு தலையணை உறையில்கூட எனக்கு எதுவும் தெரியவில்லை.

மருமகனைப் பற்றிக் கேட்டால் சபையில் எல்லாரும் தங்கமான பிள்ளை என்பார்கள். பாடகர் குழுவில் அவன்தான் கனத்த குரல். பேச ஆரம்பித்தால் தேன் ஒழுகும். "அத்தை, உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று அவன் கேட்கும்போது எனக்கே இவனா என்று சந்தேகம் வந்துவிடும்.

அக்காவின் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தனியாக எபிரேயம் படித்தாள். ஆலயத்தின் பக்க அறையில் வாரம் ஒரு சங்கீதம், வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல் விளக்குவாள். அந்த வகுப்புக்கு ஒரு முறை உண்டு. சங்கீதத்தில் எங்கே பகைவன் வந்தாலும் 'என் பாவம்' என்று மாற்றிப் படிக்க வேண்டும். வேதப் புத்தகத்தில் எல்லாரும் அங்கங்கே பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். பகைவனின் பிள்ளைகளைப் பாறையில் மோதச் சொல்கிற அந்தப் பயங்கரமான பாட்டுகூட அக்காவின் வகுப்பில் சாதுவாகிவிடும். பிள்ளைகள் என்றால் மனதில் முளைக்கும் கெட்ட எண்ணங்கள், பாறை என்றால் கிறிஸ்து, முளையிலேயே மோதி நசுக்கிவிடு என்று அர்த்தம். பழைய காலத்துப் பெரியவர்களே அப்படித்தான் வாசித்தார்களாம்.

இதை அவள் ஏட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அக்காவின் மேல் பொய்ப் புகார் கொடுத்து அவளைச் சந்தி சிரிக்க வைத்தாள். அக்கா சாபச் சங்கீதங்களைத் தேடித் தேடி எடுத்து, அவள் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபித்தாள். அந்தப் பெண் படியில் தவறி விழுந்து செத்துப்போனாள். நான்தான் கொன்றேன் என்று அக்கா எவ்வளவு காலம் தூங்காமல் கிடந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் இந்த முறை வந்தது. அதனால் அவளிடம் அதிகம் மல்லுக்கட்ட எனக்கு மனம் வராது.

ஆனால் வியாழக்கிழமை மல்லுக்கட்டினேன்.

"உன் பிள்ளையா இருந்தா அனுப்புவியா?" என்றேன்.

"என் பிள்ளை மாதிரிதான் அவளும். அவன் அழுதுட்டான்டி. திருந்திட்டான்."

"அழறதுக்கு என்ன, வெங்காயம் வெட்டினாலும்தான் அழுகை வருது."

"உனக்கு வாய் அதிகம். மனசுல பகையை வெச்சிக்கிட்டு அவளால நிம்மதியா வாழ முடியாது. எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும்தான்.

வெள்ளிக்கிழமை பக்க அறை நிரம்பிவிட்டது. சமாதானம் நடப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? கதவோரம் மகளின் பெட்டி நின்றது. வகுப்பில் எப்போதும் இரண்டு பேர் எழுந்து நின்று வசனத்துக்கு வசனம் மாறி மாறிப் படிப்பார்கள். அன்றைக்கு அந்த இரண்டு பேர் புருஷனும் பெண்டாட்டியும் என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். வரிசைப்படி அந்த வாரம் வந்தது நண்பனே துரோகம் செய்ததைப் பற்றிய சங்கீதம். அக்காவுக்கு அது உறுத்தவில்லை. பாடுகிறவர் கிறிஸ்து, நண்பன் காட்டிக்கொடுத்த சீடன் என்று விளக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

மருமகன் ஆரம்பித்தான். மகள் தொடர்ந்தாள். அவள் குரல் எனக்கே எட்டவில்லை. கட்டுப் போட்ட கையால் புத்தகத்தைப் பிடிக்க முடியாமல் நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தாள். முறைப்படி, பகைவன் வந்த இடத்தில் எல்லாம் 'என் பாவம், என் பாவம்' என்று படித்தாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நண்பனைக் குற்றம் சொல்கிற வசனம் மருமகனுக்கு வந்தது. இதைச் செய்தது யாரோ இல்லை, என்னோடு பழகிய நீதான் என்று சொல்லும் இடம். அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, மகளைப் பார்த்துக்கொண்டே, குரல் தழுதழுக்கப் படித்தான். எனக்கு முன்னால் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். அடப்பாவி! அடி வாங்கியவள் இவள், அழுகிறது அவனுக்காக!

அக்காவைப் பார்த்தேன். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பென்சிலை மேஜை மேல் வைத்துவிட்டிருந்தாள்.

பிறகு மகளுக்கு அந்த வசனம் வந்தது. தன்னோடு சமாதானமாக இருந்தவர்கள் மேல் அவன் கை நீட்டினான், கொடுத்த வாக்கை மீறினான் என்ற வசனம்.

மகள் படித்தாள். "அவன் கை நீட்டினான்" என்றே படித்தாள். இந்தத் தடவை கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

அக்கா மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். "அம்மாடி, நம்ம முறைப்படி படி. 'என் பாவம் கை நீட்டிச்சு'ன்னு..."

மகள் அவளைப் பார்த்தாள். "என் பாவத்துக்குக் கை கிடையாது பெரியம்மா" என்றாள்.

போதகர் தொண்டையைச் செருமினார். மருமகன்தான் முதலில் சிரித்தான். "அவளுக்கு உடம்பு அசதி. மாத்திரை வேற சாப்பிடுறா. மிச்சத்தை நானே படிச்சிடறேன்" என்று அவள் கையிலிருந்த புத்தகத்தையும் வாங்கி மூடினான். அவள் தோள் சட்டென்று ஒடுங்கியதை நான் பார்த்தேன். நான் மட்டுமல்ல.

அவன் அடுத்த வசனத்தை எடுத்தான், அதே தேன் குரலில். அவன் பேச்சு வெண்ணெயைவிட மிருது, உள்ளத்திலோ சண்டை என்று தொடங்கி, பாதியில் நின்றான். அந்தச் சொற்கள் உருவிய வாள்கள் என்பதுதான் மிச்சம்.

"படிங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா.

"இல்ல பெரியத்தை, நேரமாச்சு. நாங்க கிளம்பணும்."

"அந்த வசனத்தை முடிச்சிட்டுக் கிளம்புங்க. மாத்தாம, இருக்கிறபடியே படிங்க."

அவன் படிக்கவில்லை. புத்தகத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டியை உறுமவிட்டு ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. போதகர் என் மகளிடம் வந்து, "போம்மா, கூப்பிடறார் இல்ல, மனசை விட்டுப் பேசினா சரியாயிடும்" என்றார். மூக்கை உறிஞ்சிய பெண், "இவ்வளவு பேர் முன்னாடி புருஷன் மானத்தை வாங்கலாமா?" என்றாள். நான் அவளுக்கு நல்ல பதில் வைத்திருந்தேன். அதற்குள் அக்கா எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கினாள்.

வண்டியில் ஏற்றப்போகிறாளோ?

"எங்கே கொண்டு போறே?" என்று பின்னால் ஓடினேன்.

"வீட்டுக்கு."

"யார் வீட்டுக்கு?"

"என் வீட்டுக்கு. உன் வீட்டுத் தாழ்ப்பாள் ஒரு உதைக்குத் தாங்காது" என்றாள். போதகரைத் தாண்டும்போது, "நான் தப்பா தலையாட்டிட்டேன் ஐயா" என்றாள், அவ்வளவுதான்.

பின் கேட் வழியாகப் போனோம். தெருமுனை வரைக்கும் அந்த ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வருவான் என்று மூன்று பேருக்கும் தெரியும். வீட்டுக்குள் போனதும் அக்கா மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டு, அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கச் சொன்னாள். நான் இழுத்தேன். மகள் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள்.

"பெரியம்மா."

"சொல்லும்மா."

"அவனுக்கு ஏதாவது ஆகணும்னு நான் ஜெபிக்கலாமா? அந்தச் சங்கீதத்துல இருக்கிற மாதிரியே, பேரைச் சொல்லி?"

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். படியில் விழுந்து செத்தவள் அந்த அறைக்குள் வந்து நின்றது போல இருந்தது எனக்கு. வேண்டாம் என்றுதான் அக்கா சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அக்கா மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நல்ல கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெபிச்சுக்கோ. நானும் கூட உக்காந்திருக்கேன்" என்றாள்.