துண்டுக்கு அடியில் சொன்ன எண்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2008 ஜூலையில், முதியோர் இல்லங்களைப் பற்றி ஒரு வார இதழுக்குக் கட்டுரை எழுதுவதற்காகக் கோம்பைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஆய்வு செய்த செவிலியர் ஒருவர், பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, ஒரு தாளைக் காட்டினார். இரண்டு வரிகள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

தொழில்: விவசாயம்.
நடத்தைச் சிக்கல்: பெண் பணியாளர்களின் கையைப் பிடித்தல். தினமும்.

அடித்த வரிகளுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கட்டுரையில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் கதையாக எழுதுகிறேன். கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பெயர் எனக்குத் தெரியாது. அழகுமலை என்று நான் வைத்துக்கொண்டேன். மற்றப் பெயர்களும் நான் வைத்தவைதான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கிய மாலையில், அழகுமலை தன்னுடைய பழைய நாட்களை நினைத்து—’

நிறுத்திவிட்டேன். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. அங்கே யாருக்குமே தெரியாது. சிக்கலே அதுதான், அதை முதல் வரியிலேயே தீர்த்துவைக்க எனக்கு உரிமையில்லை.

‘கேட்டுக்குப் பக்கத்தில் செவலை நிறக் கோம்பை நாய் ஒன்று—’

கோம்பை என்றதும் நீங்கள் நாயை எதிர்பார்ப்பீர்கள் என்று எழுதியது. அந்த இல்லத்தில் நாய் கிடையாது. பூனைதான் இருந்தது, அதற்கும் கதையில் வேலை இல்லை.

மூன்றாவது தொடக்கம் ரஃபியாவிடமிருந்து, அதாவது அந்தச் செவிலியரிடமிருந்து. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ரஃபியாவுக்கு இருபத்தொன்பது வயது. உத்தமபாளையத்துக்காரி. மதுரையில் ஐந்து வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்பில் சேர்ந்திருந்தாள். மறதி நோய் வந்தவர்களை, அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று தெரிந்துகொண்டு பராமரித்தால் அவர்களுடைய தவிப்பு குறையுமா? இதுதான் அவளுடைய ஆய்வுக் கேள்வி. மூன்று இல்லங்கள், முப்பது பேர், மூன்று மாதம். 2007 நவம்பரில் கோம்பை இல்லத்துக்கு வந்த மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலையில், உதவியாளர் பொன்னாத்தாள் வாளியை நங்கென்று கீழே வைத்தாள்.

“சிஸ்டர், அந்த ரூமுக்கு நான் இனிமே போக மாட்டேன். வேற ஆளப் போடச் சொல்லுங்க.”

“என்னக்கா ஆச்சு?”

பொன்னாத்தாள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “துண்டப் போட்டு என் கைய மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரல் வெரலாப் பிடிக்கிறாக. எழுவத்தாறு வயசாச்சு! எம் புருசனே என்னைய அப்பிடிப் பிடிச்சதில்ல.”

ரஃபியாவுக்குச் சிரிப்பு வந்தது. பொன்னாத்தாளின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இன்னும் இரண்டு பெண்களிடம் விசாரித்தாள். அவர்களும் அதையே தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அழகுமலையின் படிவத்தை எடுத்து, மேலே நீங்கள் படித்த அந்த வரியை எழுதினாள். ‘தினமும்’ என்பதற்கு அடிக்கோடும் போட்டாள்.

மேலாளர் அன்றைக்கே திருப்பூருக்குப் போன் போட்டார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் வைகுண்டராஜ், ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போய்விட வேண்டும். ரஃபியாவும் தனியாக அவனிடம் பேசினாள்.

“எங்க வீடு ஒத்த ரூம்புதான் சிஸ்டர். நானும் அவளும் காலைல எட்டுக்குப் போனா, வர ராத்திரி ஆயிரும். முன்னாடி அவர உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போவோம். திரும்பி வந்து பாத்தா கதவத் தட்டித் தட்டிக் கையெல்லாம் வீங்கியிருக்கும். அதப் பாக்க முடியாமத்தான் அங்கன விட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

4

[இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் பொன்னாத்தாளை நான் வாய்த்துடுக்கும் அவசர புத்தியும் உள்ளவளாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு தடை தேவைப்பட்டது, அவள் கையில் கிடைத்தாள். வரைவைப் படித்த செவிலியர் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினார்: “அவுங்க மேல என்ன தப்பு? கேட்காம ஒருத்தர் கையப் பிடிச்சா யாரும் அப்படித்தான் சொல்வாங்க. காரணம் என்னன்னு பார்க்க வேண்டியவ நான். பார்க்காம எழுதினதும் நான்.”

அதன் பிறகு பொன்னாத்தாளை மறுபடி எழுதினேன். இருந்தும் அவளை எனக்கு முழுதாகத் தெரியாது. அவளுக்கு ஒரு சொந்தக் கதை இருக்கும். அது இதில் இல்லை.]

5

வியாழக்கிழமை மதியம் அழகுமலையின் அறைக்குச் சோறு கொண்டுபோக ஆளில்லை. சமையல்காரர் சங்கரலிங்கமே தட்டோடு வந்தார். நான்கு வருட வேலையில் அவர் அடுப்படியைத் தாண்டி வந்ததே குறைவு. ரஃபியா அறை மூலையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

தட்டை வைத்த கையின் மேல் துண்டு விழுந்தது.

ரஃபியா எழுந்துவிட்டாள். சங்கரலிங்கமோ கையை இழுக்கவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி நின்றார். துண்டு அசைந்தது. ‘கட்டாது’ என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். மறுபடி அசைந்தது.

மூன்று வாரமாக ஒரு முழு வாக்கியம் பேசாத அழகுமலை பேசினார்.

“பல்லப் பாத்தியா? ஆறு பல்லு. சுழி சுத்தம்.”

“இருந்தாலும் சாஸ்திண்ணே” என்றார் சங்கரலிங்கம்.

“அண்ணே, என்ன நடக்குது இங்க?” ரஃபியாவின் குரல் உயர்ந்தது.

“வெலை பேசுறாரு தாயி. பதினாலுங்கிறாரு. நான் பன்னெண்டரைல நிக்கேன். மாட்டுத் தரகரு போல. இம்புட்டுச் சுத்தமாப் பிடிக்கிற ஆள இப்பச் சந்தையில பாக்க முடியாது.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“எங்கிட்ட யாரு கேட்டாக?”

உண்மைதான். புகார் பெண்களுக்குள்ளேயே ரகசியமாகச் சுற்றிவிட்டு, மேலாளர் அறைக்குப் போய்விட்டது. மானப் பிரச்சினை என்பதால் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்படியில், முன்பு வருடக்கணக்கில் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் காதுக்கு அது எட்டவே இல்லை.

அன்று மாலை ரஃபியா மகனிடம் போனில் கேட்டாள். “விவசாயம்னு எழுதியிருக்கீங்களே?”

“தரகுன்னு எழுதுனா மதிப்பா இருக்குமா சிஸ்டர்? எல்லாரும் அப்பிடித்தான எழுதுறாக.”

(ஒரு சிறு விளக்கம். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில், பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கைதான் விலை. ஒரு விரல் ஓர் ஆயிரம், ஐந்தைத் தாண்டினால் மறுபடி பிடிப்பார்கள். கணுவை அழுத்தினால் அரை. கேட்ட விலை குறைவு என்றால் விற்பவருக்குக் கூட்டத்தில் அவமானம் இல்லை. கொடுத்த விலை அதிகம் என்றால் வாங்குபவரை யாரும் கேலி செய்ய முடியாது. எண் அந்த இரண்டு கைகளுக்கு மட்டும் சொந்தம். வெளியே சொல்பவனோடு மறுபடி யாரும் பேரம் பேச மாட்டார்கள். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

6

வெள்ளிக்கிழமை. குளிக்க வைக்கும்போது அழகுமலை அடிப்பார் என்று பதிவேட்டில் இருந்தது. வலியா என்று அறிய ரஃபியாவிடம் ஓர் அட்டை உண்டு: சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை ஆறு படங்கள். அதை அவர் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்.

இந்த முறை அவள் அட்டையை எடுக்கவில்லை. தன் கையை நீட்டி, அவர் தோளில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டாள். மற்றொரு கையால் அவருடைய வலது முழங்காலைத் தொட்டாள்.

“இங்கன எம்புட்டு?”

அவர் நான்கு விரல்களைப் பிடித்தார். பிறகு ஒரு கணுவை அழுத்தினார்.

இடது முழங்காலைத் தொட்டாள். துண்டு அசையவில்லை.

மருத்துவர் வந்து பார்த்தார். வலது மூட்டில் நீர் கோத்திருந்தது. மாத்திரை கொடுத்த மறுநாள் அவர் அடிக்காமல் குளித்தார். ரஃபியா படிவத்தில் எழுதினாள்: ‘வலி: நாலரை. சொன்னவர்: அவரே.’

அந்த ‘அவரே’ என்ற சொல், அந்த ஆய்வில் அதுவரை எந்தப் படிவத்திலும் வந்ததில்லை.

[இது எதையும் நிரூபிக்காது என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். ஒரே ஒருவர், ஒரே ஒரு துண்டு. சரிதான். நாலரை என்பது வலியின் அளவா, ஏதோ ஒரு காளையின் விலையா என்றுகூடக் கேட்கலாம், நானும் கேட்டேன். “எதுவா இருந்தா என்ன சார், எந்தக் காலுன்னு தெரிஞ்சுச்சுல்ல” என்றார் செவிலியர். அதன் பிறகு முப்பது பேரின் வீட்டாரையும் அவர் மறுபடி கூப்பிட்டு, தொழில் என்ற கட்டத்தை மட்டும் திரும்பக் கேட்டார். பதினொன்று மாறியது.]

7

ஞாயிற்றுக்கிழமை. முடிவு எழுதும் நேரம்.

முதலில் எழுதியது: பொன்னாத்தாள் கண்ணீரோடு பெரியவரின் காலைத் தொட்டு— இல்லை. அவள் எதற்காக அழ வேண்டும்?

இரண்டாவதாக எழுதியது: மகன் அப்பாவைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றுகிறான். கதவு, பூட்டு, வீங்கிய கைகள். இதை முழுதாகவே எழுதி முடித்தேன். எத்தனையோ வீடுகளில் நடப்பதும் இதுதான். ஆனால் இங்கே நடக்கவில்லை. சோகமாக இருந்தால்தான் உண்மை என்று நம்பும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு என்பதற்காக அதை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

நடந்தது இது. மேலாளர் பொன்னாத்தாளைக் கூப்பிட்டார். “விசயம் எல்லாம் சிஸ்டர் சொல்லிட்டாங்க. நீ என்ன சொல்ற? உன் சொல்லுதான்.”

வைகுண்டராஜ் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ரஃபியா படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பேசினால் அது கெஞ்சுவதாகிவிடும்.

“மாட்டு வெலையோ மண்ணாங்கட்டியோ, கேக்காமப் பிடிச்சா எனக்குக் கூச்சந்தான்” என்றாள் பொன்னாத்தாள். “அது இன்னைக்கும் அப்பிடித்தான்.”

வாசலில் நின்ற சங்கரலிங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“நானாக் கைய நீட்டுனா அது வேற. காலைல சோத்துக்கு முன்ன ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, பேரம் பேசிட்டாப் போச்சு. அதுக்கு மேல பிடிச்சா, ‘சந்தை கலஞ்சிருச்சு பெரியவரே’ன்னுருவேன். சங்கரலிங்கண்ணே, சந்தை கலஞ்சிருச்சுன்னா விட்டுருவாகல்ல?”

“விட்டுத்தான ஆகணும்.”

அவள் நாற்காலியை அழகுமலைக்கு எதிரே இழுத்துப் போட்டாள். துண்டைத் தானே எடுத்துத் தன் கையை மூடினாள். சிறிது நேரம் துண்டு அசைந்தது. பொன்னாத்தாள் ஒருமுறை தலையை ஆட்டி மறுத்தாள். ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கடைசியில் அழகுமலை அவள் உள்ளங்கையில் தட்டினார்.

“முடிஞ்சது” என்றார்.

“துணிப்பையக் கொண்டுபோய் உள்ள வைங்க” என்று மகனிடம் சொன்னாள் பொன்னாத்தாள்.

அவன் நகரவில்லை. “எம்புட்டுச் சொன்னாரு?”

“அத வெளிய சொல்லக் கூடாதாமே. வேணும்னா நீங்களே கேட்டுக்கங்க.” எழுந்து நாற்காலியை விட்டாள்.

வைகுண்டராஜ் உட்கார்ந்தான். “எனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிக்குடுத்ததே இதுக்குள்ளதான் சிஸ்டர்” என்றான், யாரையும் பார்க்காமல். கையை நீட்டினான். அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். மகன் என்று தெரிந்துதான் பார்த்தாரா, வாங்க வந்த ஆள் என்று பார்த்தாரா, ரஃபியாவுக்குத் தெரியவில்லை. துண்டு விழுந்தது. நெடுநேரம் அசைந்தது. அவன் கையை எடுக்கும்வரை பெரியவரும் எடுக்கவில்லை.

8

அந்தப் படிவத்தைக் கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சிவப்பு மையில் இப்படி இருந்தது:

தொழில்: மாட்டுத் தரகர்.
நடத்தை: கை கொடுத்தால் பேசுவார்.

துண்டுக்கு அடியில் மகனுக்குக் கிடைத்த எண் என்ன என்று செவிலியரிடம் கேட்டேன். தெரியாது என்றார். மகனின் தொலைபேசி எண்ணைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அழைக்கவில்லை. ஏதாவது ஓர் எண்ணை நானே எழுதியிருக்கலாம். ஐந்து என்றால் பொருத்தமாக இருக்கும், கை முழுவதையும் பிடித்தார் என்று அர்த்தம். அதைத்தான் நீங்களும் எதிர்பார்ப்பீர்கள் என்பதால் எழுதவில்லை.

விதி உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் மறதி வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம், அல்லது ஒருநாள் உட்காரலாம். கையை நீட்டுங்கள். என்ன எண் கிடைத்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.