எல்லாருக்கும் ஆன பிறகு

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு ரெமிஜியஸ் காபி கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபி. யாராவது மார்பில் அடித்துக்கொண்டால், ஓயும்வரை தட்டோடு நின்றான். பிறகு குனிந்து டம்ளரை நீட்டினான். நடுவில், பெட்டிக்குள் அவனுடைய அம்மா கேத்தரின் படுத்திருந்தாள். விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது.

சமையலறை வாசலில் நின்று நோரா கணவனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவன் பெட்டிக்கு அருகில் போகவில்லை.

கண்டோன்மெண்டில் ஒரு கிளப்பில் அவன் பட்லர். துரைகள் சாப்பிட்டு எழும்வரை பட்லருக்குப் பசி கிடையாது, தும்மல் கிடையாது, முகமும் கிடையாது. சேர்ந்த புதிதில், வெள்ளைக்கார ராஜாவின் பிறந்தநாள் விருந்தில் யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துவிட்டான். அதற்காகப் பல மாதம் பாத்திரம் கழுவினான்.

"பட்லர்சாப், நீயும் உக்காருப்பா." கிளப் சமையல்காரர் பெர்னார்ட் அவன் கையைப் பிடித்தார். "இன்னிக்கு நாங்களா துரைங்க?"

"வெளிய ரெண்டு பேருக்கு இன்னும் குடுக்கல" என்று ரெமிஜியஸ் நகர்ந்தான்.

அவனுடைய தங்கை மௌரீன் மூக்கைச் சிந்திக்கொண்டு நோராவிடம் வந்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? பெத்தவ போயிட்டா, இவரு பந்தி விசாரிக்கிறாரு. கண்ணுல ஒரு சொட்டு வரல. கல்லு."

"கல்லு இல்ல, மௌரீன்."

"பின்ன என்னவாம்?"

நோராவின் கண் நடுக்கூடத்துக்குப் போனது.

இரண்டு வருடத்துக்கு முன் இதே கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அவர்களுடைய பெண்குழந்தை. மூடுவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். ரெமிஜியஸ் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் வழிவிட்டு நின்றான். வரிசை முடிந்ததும் ஆணி அடித்துவிட்டார்கள். அவன் பார்க்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, நோராவும்தான். வெகுநாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்: "பாப்பாவுக்கு வாய் மூடியிருந்துச்சா?" அதற்குப் பின் அவன் குழந்தையைப் பற்றிப் பேசியதில்லை.

கோயில் மணி அடித்தது. சாவுவண்டி பிளாக்பள்ளித் தெருமுனைக்கு வந்துவிட்டது.

"முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க" என்றார் தச்சர் மதலைமுத்து.

வரிசை நகர்ந்தது. மௌரீன் அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்துக் கதறினாள். இரண்டு பேர் பிடித்து எழுப்பினார்கள். ரெமிஜியஸ் கதவோரம் நின்றான். "நீங்க போங்க சித்தப்பா. வாங்கம்மா, பாத்து, படி இருக்கு." கடைசியாகப் பெர்னார்ட் போய்வந்தார். மதலைமுத்து மூடியைத் தூக்கிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"நிறுத்துங்க" என்றாள் நோரா.

அவள் குரல் இவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கூடம் அடங்கியது.

"இவரு இன்னும் பாக்கல."

"நேரமாச்சேம்மா" என்றார் சித்தப்பா. "கோயில்ல ஃபாதர் காத்துட்டிருக்காரு."

"காத்திருக்கட்டும், மாமா."

ரெமிஜியஸ் அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் ஒன்றும் இல்லை. தாழ்ந்த குரலில், "எல்லாருக்கும் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"ஆயிடுச்சுங்க. எல்லாருக்கும் ஆயிடுச்சு."

மூடியை எடுக்கச் சொன்னாள். எல்லோரையும் வெளியே அனுப்பினாள், மௌரீனையும். தானும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. வண்டிக் குதிரை காலை மாற்றி மாற்றி ஊன்றியது.

"அழறாரா, அண்ணி?" என்று மௌரீன் மெல்லக் கேட்டாள்.

நோரா கதவை விட்டு நகரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் இல்லை.

மதலைமுத்து உதடுகளுக்கிடையே கடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு படியில் உட்கார்ந்தார்.