வெள்ளாற்றங்கரையில் தயிர்ச்சோறு

காலையில் மஞ்சக்குப்பத்தில் கிளம்பும்போதே பழனிவேல் சொல்லிவிட்டார். "வீட்ட பாக்கறேன். பையன பாக்கறேன். கை நனைக்க மாட்டேன்."

அதைக் கேட்டு அவருடைய தங்கை சௌந்தரம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன் சாப்பிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் அவ்வளவுதான், வாயால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மகள் கயல்விழியோ எழிலனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்கிறாள். அப்பா இல்லாத பெண். மாமா சம்மதிக்காமல் மணவறையில் உட்காரவும் மாட்டாளாம். பிடிவாதத்தில் மாமனும் மருமகளும் ஒரே அச்சு.

பழனிவேலின் கண்ணெல்லாம் சிதம்பரத்து வரன் ஒன்றின் மேல். பரங்கிப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முகத்தைச் சுளித்தார். ஒரு காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் கிடங்கு கட்டி வியாபாரம் செய்த ஊர். இப்போது நீளத் தெருக்களில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளும் வெயிலும்தான் இருந்தன.

"வெள்ளக்காரனே வேணாம்னு உட்டுட்டுப் போன ஊரு. இங்க கொண்டாந்து பொண்ண குடுக்கணுமா?"

எழிலன் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். வீட்டில் அவனும் அம்மா தில்லையம்மாளும் மட்டும். கூடத்தில் இலை போட்டுத் தயாராக இருந்தது. பழனிவேல் தண்ணீர் மட்டும் குடித்தார். "சர்க்கர ஒடம்பும்மா. ஓட்டல்ல ரெண்டு இட்லி சாப்ட்டுக்கறேன்" என்று கூசாமல் சொல்லிவிட்டு, ஆற்றைப் பார்க்கிறேன் என்று எழுந்தார். தில்லையம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் சௌந்தரம் செருப்பைத் தேடினாள்.

அன்று வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். கடைத்தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எழிலன் கூடவே வந்தான். வெள்ளாற்றங்கரைக்கு வந்தபோது பழனிவேலுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. காலையில் மாத்திரை போட்ட மனிதர், வீம்புக்கு வயிற்றைக் காயப்போட்டிருந்தார். எழிலன் அவரைப் படகு நிழலில் உட்கார வைத்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தான்.

தில்லையம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு கையில் சர்க்கரை கரைத்த தண்ணீர், மறு கையில் தூக்கு. தண்ணீரை வாங்கிக் குடித்தவர், தூக்கில் தயிர்ச்சோற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சௌந்தரத்துக்கு அண்ணனை ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

"அண்ணே, இது ஆத்தங்கர" என்றாள் தில்லையம்மாள். "இங்க சாப்ட்டா கை நனைச்ச கணக்குல வராது. எங்கள புடிக்கலன்னா பரவால்ல, நல்லபடியா வண்டி ஏத்தி உடறோம். மொதல்ல ஒடம்ப பாருங்க."

பழனிவேல் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தூக்கை வாங்கி, வழித்துச் சாப்பிட்டார். ஆற்றில் கை கழுவிவிட்டு, நிற்கிற படகுகளையும் எதிர்க்கரையையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கயலிடம் என்னவென்று சொல்வது என்று சௌந்தரம் குமைந்தாள்.

எழுந்தவர் பஸ் நிற்கிற பக்கம் போகவில்லை. வந்த தெருவிலேயே நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கூடத்தில் போட்ட இலை போட்டபடி இருந்தது. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"முருங்கக்கா சாம்பார் வாசன அப்பவே வந்துச்சிம்மா. கொஞ்சமா ஊத்து. மாப்ள, நீயும் ஒக்காரு."

சௌந்தரம் கொல்லைப்பக்கம் போய் மகளை போனில் கூப்பிட்டாள். "மாமா கை நனைச்சிட்டாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் கயலும் அழுதாள். பிறகு, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் சௌந்தரத்துக்கு நினைவு வந்தது. அப்படியொரு பசி. உள்ளே போய் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.