வாசலைத் தாண்டாத பதில்கள்

சிறைக்குள் பேசிய பேச்சு, பேசியவர் விடுதலையாகும்வரை வெளியே வராது. சிறை மருத்துவமனையைப் பற்றி ஆராயப் போன பெண்ணுக்கு இது முதல் நாளே தெரிந்துவிட்டது. வீட்டில் ஒலிப்பதிவைப் போட்டால் அவளுடைய கேள்விகள் மட்டும் கேட்டன. குறிப்பெடுத்த தாள் வெள்ளையாக இருந்தது. காதால் கேட்டதுகூட வாசலைத் தாண்டியதும் மறந்துபோயிற்று. வாசல் காவலர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆள் உள்ள இருக்கான், அவன் பேச்சு மட்டும் எப்படிம்மா வெளிய வரும்?" என்றார்.

வழிகாட்டிப் பேராசிரியர் அதைவிடச் சுலபமாக எடுத்துக்கொண்டார். "என்ன சொல்லியிருப்பாங்கன்னு நமக்குத் தெரியாதா? நீயே எழுதிடு." தெரிந்திருந்தால் எதற்குப் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் காத்திருக்கத் தொடங்கினாள். உதவித்தொகை நின்றது. கூடப் படித்தவர்கள் பேராசிரியர்களாகித் தொப்பை போட்டார்கள். அவள் டியூஷன் எடுத்தாள். யாராவது விடுதலையானால் அலமாரியிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும். "உன் ஆள் ஒருத்தர் வந்துட்டார், வந்து கேளு" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லை என்றே சொன்னார்கள். காது கேட்கும் தூரத்தில் வார்டர் நிற்க வேண்டும் என்பது விதி, வேறென்ன சொல்வார்கள்?

ஓர் ஆயுள் கைதியின் பதில் மட்டும் பாக்கி. அந்தப் பதிலுக்காக அவருடைய தண்டனைக் குறைப்பை ரத்து செய்துவிட்டார்கள் என்று வாசல் காவலர் சொல்லியிருந்தார். தான் கேட்ட கேள்வியால் ஒரு மனுஷன் உள்ளேயே கிடக்கிறார், அவர் சொன்னதுகூடத் தனக்கு நினைவில்லை என்ற எண்ணம் அவளை அரித்தது. அக்கம்பக்கம் அவளைப் பைத்தியம் என்றது. அப்படியொரு பைத்தியமாக இருக்க எத்தனை பேரால் முடியும்?

அவளுக்குத் தலை நரைத்த பிறகு, ஒரு மதியம், கருவி செருமாமலே பேசியது. சிறை மருத்துவமனையில் காய்ச்சலில் கிடந்த கைதிப் பையன் ஒருவனை டாக்டர் எட்டியே பார்க்கவில்லை, தன் மடியில்தான் செத்தான், மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார்கள். "அவன் அம்மாகிட்ட யாராவது சொல்லுங்க" என்றது குரல். அவள் கண்ணைத் துடைப்பதற்குள், முகவரியை விசாரித்துக்கொண்டு அவரே வந்து நின்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்துச்சாம்மா?"

"இப்பத்தாங்கய்யா வந்துச்சு."

திரும்பப் போட்டுக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பக்கத்துல வார்டர் நின்னாரே. இவ்வளவு சத்தமாவா சொன்னேன்?"

"ஆமாங்கய்யா. இவ்வளவு சத்தமாத்தான்."

பையன் சாகும்முன் சொன்ன தெரு அவருக்கு நினைவிருந்தது. கருவியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.